ஜோயலுக்கு ஒன்றுமில்லை

செவ்வாய், இரவு

என் மகள் தீபாவுக்கும் என் தோழி ஸ்டெல்லாவின் மகன் ஜோயலுக்கும் பிறந்ததிலிருந்தே எச்.ஐ.வி. இருவருக்கும் ஒரே மாத்திரைதான். இன்று சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வந்தது. அவனுக்கு எல்லாம் நார்மல். தீபாவுக்குப் புரதம் கசிகிறது, சிறுநீரகம் பாதிக்கப்பட ஆரம்பித்துவிட்டதாம். அந்த மாத்திரையாலும் இருக்கலாம், மாற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள். "சரியாயிடும், அழாதக்கா."

உதறிவிட்டேன். வீடு இருக்கும் ஒக்கலிபுரம் வரை பஸ்ஸில் அவளோடு பேசவே இல்லை. நான் ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவிட்டதில்லை. அவள் மறந்துபோன நாட்கள் எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் அவள் பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

சாப்பிடும்போது தீபா கேட்டாள். "ஜோயலுக்கு ஒண்ணும் இல்லதானேம்மா?"

"இல்லடி."

"அப்பாடா!" என்றாள்.

அவள் தூங்கிவிட்டாள். எனக்கு இன்னும் அந்த "அப்பாடா" வரவில்லை.