ஓடுகிற பழுது

மார்ச் 4, செவ்வாய்

இன்று வழக்கத்தைவிடக் கூடுதல் வண்டிகள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவை அறைத் துணி என்று எல்லாம் வந்து குவிந்துவிட்டன. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு மருத்துவமனைச் சலவை என்றால் துவைப்பதுதான் வேலை. துவைப்பதை மெஷின் பார்த்துக்கொள்ளும். கழுத்தைப் பிடிப்பது இஸ்திரிதான்.

சூடான இஸ்திரி உருளையில் ஒரு சம்பவம். நாத்தனார் விரிப்பின் விளிம்பைப் பிடித்து உள்ளே கொடுத்தபோது அவள் சட்டைக் கையும் துணியோடு சேர்ந்து போயிற்று. உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி உண்டு. அதில் கை பட்டால் அந்தக் கணமே உருளை நிற்க வேண்டும். பட்டது. நிற்கவில்லை. இன்னும் அரைச் சுற்று சுற்றிவிட்டுத்தான் நின்றது. துணி கிழிந்ததால் கை தப்பியது.

"பழைய சட்டைதான் அண்ணி, போனாப் போகுது," என்று சிரித்தாள். உதடு மட்டும் வெளுத்திருந்தது.

ஒவ்வொரு மெஷினிலும் ஓர் அட்டை தொங்கும். ஒரு பக்கம் பச்சை: இயங்குகிறது. மறுபக்கம் சிவப்பு: பழுது. கூடத்துக்கு சூப்பர்வைசர் நான்தான், சிவப்பைத் திருப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் பச்சை. உருளை ஓடிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 5, புதன்

மேனேஜர் கூப்பிட்டார்.

"எதுக்குப் பழுதுன்னு போட்டீங்க? ஓடுதுல்ல?"

"ஓடுது சார். நிக்கத்தான் மாட்டேங்குது."

"நிக்காம ஓடுனா அதுக்குப் பேரு நல்ல மெஷின்மா." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி விளக்கினார். தலைமை அலுவலகக் கணக்குப்படி, அறவே ஓடாமல் கிடந்தால்தான் பழுது. சிவப்பு அட்டை தொங்குகிற நேரத்துக்கெல்லாம் அவர் மேலே பதில் சொல்ல வேண்டும். "கம்பி சரியில்லன்னா அது குறை. குறை வேற, பழுது வேற. புரியுதா?"

புரிகிறது. புரியாமலும் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் பழுது என்கிறோம். மூடிய பிறகும் கொட்டிக்கொண்டே இருந்தால் அது என்ன, நல்ல குழாயா?

மார்ச் 6, வியாழன்

ஒரு மரக்கட்டையால் கம்பியைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். சில தரம் உடனே நிற்கிறது. சில தரம் யோசிக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

மெக்கானிக் வந்தார். எந்த மெஷினையும் வீட்டு மாட்டைப் போலத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் திறப்பார். மெஷின் நின்றுபோவதற்கு எங்கள் கூடத்தில் ஆளுக்கொரு சொல் இருக்கிறது. மக்கர் பண்ணுது என்பாள் நாத்தனார். அவளோடு உருளையில் நிற்கும் கண்ணாடிக்காரி, மண்டையைப் போட்டுடுச்சு என்பாள். மெக்கானிக்குக்கு எப்போதும் ‘படுத்துடுச்சு’தான்.

இன்று அவரே அந்தச் சொல்லை மாற்றிவிட்டார்.

"இது படுத்த மெஷின் இல்லம்மா. படுத்தா எழுப்பிடலாம். இது தூக்கத்துல நடக்குற மெஷின். எப்ப யார் மேல விழும்னு சொல்ல முடியாது."

"சரி பண்ணிடலாமா அண்ணே?"

"பிரேக்கையே மாத்தணும். பாகம் மேலருந்து வரணும். பழுதுன்னு போனாத்தான் அனுப்புவாங்க. குறைன்னு போனா வரிசைல நிக்கும்."

ஆக, ஒரு சொல்லில் வந்து நிற்கிறது எல்லாம். பழுது என்று சொன்னால் பாகம் வரும். பாகம் வர வேண்டுமென்றால் மெஷின் சாக வேண்டும். சாகாமல் ஓடிக்கொண்டிருக்கிறதே, அதுதான் அதன் குற்றம்.

மார்ச் 10, திங்கள்

இன்று நிறுத்திவிட்டேன்.

காலையில் கண்ணாடிக்காரியின் விரல் கம்பியில் பட்டது. உருளை நிற்கவில்லை. அவளாகவே வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். நான் போய் மெயின் சுவிட்சை இறக்கிப் பெட்டியைப் பூட்டினேன். சாவி என் பையில். சிவப்பு அட்டை.

மதியத்துக்குள் ஈரத்துணி நடைபாதை வரைக்கும் வந்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து போன் மேல் போன். உருளையில் நிற்கிற பெண்களை எல்லாம் மேனேஜர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வேலை இல்லை, அதனால் கூலியும் இல்லை. போகும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இது எனக்குத் தோணவே இல்லையே! மெஷினை நிறுத்துறேன்னு நெனச்சேன். இவங்களையும் சேர்த்து நிறுத்துறேன்னு ஏன் தோணல?

வீட்டுக்கு வந்தால் நாத்தனார் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். புருஷனை விட்டுவிட்டு வந்ததிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான். சாப்பிடக் கூப்பிட்டதற்குக் கதவைத் திறந்து சொன்னாள்:

"உங்களுக்கென்ன அண்ணி, சூப்பர்வைசர். மெஷின் நின்னாலும் சம்பளம் வரும். எங்களுக்கு அது நின்னா அடுப்பும் நின்னுடும்."

"உன் கைக்காகத்தானே..."

"என் கையை நான் பாத்துக்கறேன். நான் கேட்டேனா உங்கள?"

என் வீட்டுக்காரர் நாள் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வந்து நடுவில் உட்கார்ந்திருந்தார். "பாம்புன்னு தாண்டவும் முடியல, பழுதைன்னு மிதிக்கவும் முடியல. என் பொழப்பு," என்றார். நான் முறைத்ததும், "அது வைக்கோல் கயிறும்மா, உன் மெஷின் இல்ல," என்றார். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மார்ச் 12, புதன்

மேனேஜர் சாவியைக் கேட்டார். கொடுத்துவிட்டேன்.

கொடுக்காமல் என்ன செய்வது? மாற்றுச் சாவி ஒன்று அவர் மேசையிலேயே கிடக்கிறது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவருக்கு அதை என் கையாலேயே வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

நாளையிலிருந்து நான் அழுக்குத்துணிப் பிரிவில். உருளைக்குப் பச்சை அட்டை, அலுவலகத்திலிருந்து புது சூப்பர்வைசர். "ஒரு மாறுதல் இருக்கட்டுமேன்னுதான்," என்றார் மேனேஜர். எனக்குத்தான் மாறுதல். மெஷினுக்கு ஒன்றும் இல்லை.

மார்ச் 15, சனி

கீழ்த்தளம். ஜன்னல் கிடையாது. வரும் மூட்டைகளைப் பிரித்து ரத்தக் கறை தனி, மருந்துக் கறை தனி என்று வண்டியில் போட வேண்டும். கையுறை இரண்டு அடுக்கு, மூக்குக்கு மறைப்பு. அப்படியும் வாடை தலைமுடிக்குள் ஏறிவிடுகிறது. மேலே உருளை ஓடும் சத்தம் கூரை வழியாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. யாராவது சத்தமாகச் சிரித்தால்கூட எனக்கு அலறல் மாதிரிதான் கேட்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

நாத்தனார் இன்றும் பேசவில்லை. குப்பைக்கூடையைக் கொட்டப் போனால் உள்ளே துணித்துண்டுகள். எடுத்துப் பார்த்தேன். சட்டைக் கைகள். தன் சட்டைகளுக்கெல்லாம் முழங்கைக்கு மேலே கத்தரி போட்டிருக்கிறாள்.

திரும்பக் கூடையிலேயே போட்டுவிட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

நாள் முழுக்கத் தூக்கம். எழுந்தால் இன்னும் அலுப்பு.

"நான் பண்ணது தப்பாங்க?" என்று கேட்டேன்.

வீட்டுக்காரர் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். "பிரேக் பிடிக்காத பஸ்ஸை டிப்போவுல ஓடாத பஸ்ஸுன்னுதான் எழுதுவோம்," என்றார். "எஞ்சின் எவ்வளவு நல்லா இருந்தாலும்."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"அன்னிக்கு அவளும் அழுதுக்கிட்டிருந்தா. நீ யாருக்கும் தெரியாம அழுதுக்கிட்டிருந்தே. நான் யார் பக்கம் சொல்றது?"

அழுதாளா? எனக்குத் தெரியாது.

மார்ச் 27, வியாழன்

முடிந்தவரை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மூட்டை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கூரைச் சத்தம் பட்டென்று நின்றுவிட்டது. கையுறையைக்கூடக் கழற்றாமல் படியேறி ஓடினேன். ஐயோ யாரு, யாரு, அவளா... வேற எதுவுமே தோணல எனக்கு.

கண்ணாடிக்காரி தரையில் உட்கார்ந்து வலது கையை ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தாள். தலையணை உறையோடு விரல் நுனிகள் உள்ளே போயிருக்கின்றன. கம்பி யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பக்கத்தில் நின்ற நாத்தனார் பாய்ந்து மெயினை இறக்கியிருக்கிறாள். தோல்தான் வெந்திருக்கிறது, விரல்கள் இருக்கின்றன. நானே பிரித்துப் பார்த்தேன். ஐந்தும் இருக்கின்றன.

மெக்கானிக் அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். அவர்கள் வாசலைத் தாண்டவில்லை, அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார்.

"ஓடுற மெஷினை யார் நிறுத்தினது?"

"நான்," என்றாள் நாத்தனார். சுவிட்சுப் பெட்டிக்கு முதுகைக் கொடுத்து நின்றாள்.

"முதலுதவி முடிஞ்சுதுல்ல, சுவிட்சைப் போடுங்க. வெளிய ரெண்டு வண்டி நிக்குது. அது பழுது இல்லம்மா, எத்தனை தரம் சொல்றது?"

"சரி சார். போடறேன். நீங்க வந்து அந்தக் கம்பி மேல கையை வையுங்க. உருளை நின்னுதுன்னா சாயங்காலம் வரைக்கும் நானே ஓட்டுறேன்."

அவர் கம்பியைப் பார்த்தார். புது சூப்பர்வைசரைப் பார்த்தார். அந்த மனிதர் தன் கைகளை மெதுவாகப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"வேலை வேணும்ல உங்களுக்கெல்லாம்?" என்றார் மேனேஜர், மற்ற பெண்களிடம்.

மடிக்கும் மேசைக்காரிகள் முதலில் வந்தார்கள், பிறகு உலர்த்தும் பகுதிக்காரிகள். வந்து நாத்தனார் பக்கத்தில் நின்றார்கள், அவ்வளவுதான். நானும் போய் நின்றேன். என் கையுறையில் இருந்த அழுக்கைப் பார்த்து ஒருத்திகூட விலகவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. கடைசியில் மேனேஜரே போய் அட்டையைத் திருப்பினார். சிவப்பு.

மார்ச் 28, வெள்ளி

யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஈர விரிப்புகளை வேறொரு சலவைக் கூடத்துக்கு வண்டியில் அனுப்பினார்கள். இந்த வழி நான் நிறுத்திய அன்றைக்கும் இருந்ததுதானே?

ஏப்ரல் 2, புதன்

பாகம் வந்துவிட்டது. மெக்கானிக் மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பி, மரக்கட்டையை என் கையில் கொடுத்தார். தட்டினேன். நின்றது. மறுபடியும் மறுபடியும் தட்டினேன். "போதும்மா, அதுக்கு வலிக்கும்," என்றார்.

கண்ணாடிக்காரிக்கு இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை. அவள் விடுப்புக்குக் கூலி உண்டா என்று கேட்டால், மேலே கேட்டிருக்கிறேன் என்கிறார் மேனேஜர். என்னைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கீழ்த்தளம்தான்.

சாயங்காலம் மூட்டைகள் மிச்சமிருந்தன. வேலை முடிந்த நாத்தனார் வீட்டுக்குப் போகாமல் படியிறங்கி வந்தாள். அவள் இங்கே வருவது இதுவே முதல் தடவை. வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இந்த நாத்தத்துலயா இருக்கீங்க இத்தனை நாளா?"

"பழகிடும்."

"பழக வேணாம் அண்ணி," என்றாள்.

அலமாரியிலிருந்து ஒரு ஜோடி கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு எனக்கு எதிரே நின்றாள். மூட்டையின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை நான். சீக்கிரம் முடிந்துவிட்டது.