எண் முப்பத்தொன்று

திங்கட்கிழமை, காலை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே உனக்கும் அப்படியே இருக்கட்டும். போனில் பேசினால் மழை, வெயில் என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். அதனால் மறுபடியும் கடிதம்.

அம்மா போய் ஏழு மாதம் ஆகிறது. அந்த அறையை ஒழித்துவிட்டாயா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். உன் பதிலில் வேலைக்குத் திரும்பியது இருந்தது, பல் வலி இருந்தது. அறை இல்லை. அவசரமில்லை. முடிந்தபோது எழுது.

என் வேலை அப்படியேதான். மூன்றாவது மாடி, நான்கு அறை, திறக்காத ஒரு ஜன்னல். மாதம் நாற்பது புது ஆல்பம். எலெக்ட்ரானிக், நடன இசை, சொந்தமாகச் செய்து தாங்களே வெளியிடுகிறவர்களின் இசை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு பத்தி. எங்கள் வழக்கத்தைப் பற்றி உன்னிடம் பலமுறை பெருமையடித்திருக்கிறேன்: பாட்டு யாருடையது என்று எழுதுகிறவனுக்குச் சொல்லமாட்டார்கள். ஆசிரியர் பெயரை நீக்கி, அட்டைப் படத்தை நீக்கி, ஒரு எண்ணைப் போட்டுத் தருவார். நாங்கள் எண்ணுக்கு எழுதுவோம். அச்சுக்குப் போகும்போது அவரே பெயரைச் சேர்ப்பார். பெயரைப் பார்த்தால் காது வளைந்துவிடும் என்பது அவர் கட்சி. அவரைத் தராசு என்று கூப்பிடுகிறோம், அவர் காதில் விழாதபடி.

இந்த மாதம் எண் முப்பத்தொன்றில் மாட்டிக்கொண்டேன். ஆசாமி யாரென்று தெரியாது. எழுதியதை அப்படியே தருகிறேன்:

'ஒன்பது பாட்டு. முதல் பாட்டுக்கு ஆடலாம். கடைசிப் பாட்டுக்குத் தூங்கலாம். இடையில், சாவி தீர்ந்துகொண்டிருக்கும் பொம்மைபோல வேகம் குறைந்துகொண்டே போகிறது. எல்லாப் பாட்டுக்கும் அடியில் ஏதோ ஒரு மோட்டார் ஓடுகிறது. அதை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யக்கூடப் பொறுமை இல்லாதவர், நம் பொறுமையைக் கேட்பது நியாயமில்லை.'

கடைசி வாக்கியத்துக்கு அலுவலகமே சிரித்தது. சிரிக்காதவர் ஒருவர்தான். ஒலிப்பதிவு அறையில் இருப்பவர். தாழ்ந்த ஒலி என்றால் அவருக்கு உயிர் என்பதால் பேஸ் அண்ணன் என்று பெயர். செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கர் மேல் பாதத்தை வைத்துக் கேட்பார். முப்பத்தொன்றை அப்படி இரண்டு முறை கேட்டார். பிறகு, என் காதுக்கு ஓட்டம் ஜாஸ்தி என்றும், அதை ஓர் இடத்தில் கொஞ்சம் நிற்கவிடச் சொல்லியும் அறிவுரை. அன்றைக்கு எனக்கு இன்னும் ஒன்பது ஆல்பம் பாக்கி. நிற்க நேரமில்லை என்றேன்.

உனக்கு இந்தப் பத்தி பிடிக்கும். சின்ன வயதில் ரேடியோவில் வரும் பாட்டையெல்லாம் கிழித்துத் தோரணம் கட்டியவள் நீதானே. நான் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

நீ பாட்டு செய்வதை அடியோடு விட்டுவிட்டாயா? அம்மாவுக்கு முடியாமல் போனபிறகு கீபோர்டைத் தொட நேரம் இருந்திருக்காது. இப்போதாவது தூசி தட்டு.

அன்புடன்,
உன் தம்பி

&nbsp;

வியாழக்கிழமை, பிற்பகல்

அக்கா,

பத்திரிகை நேற்று வந்தது. முப்பத்தொன்றின் பத்திக்கு மேலே பெயர் அச்சாகியிருந்தது. கட்டெறும்பு.

அந்தப் பெயர் உலகத்தில் மூன்று பேருக்குத் தெரியும். கூப்பிட்டவர், கூப்பிடப்பட்டவள், கேட்டுக்கொண்டிருந்தவன். கூப்பிட்ட அம்மா இப்போது இல்லை.

நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன்.

தராசின் அறைக்குப் போனேன். அவர் பட்டியலைத் திறந்து காட்டினார். ஆல்பத்தை நீயே நேராக அனுப்பியிருக்கிறாய். கூட ஒரு வரி: 'மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோல எனக்கும் ஓர் எண் கொடுங்கள்.' அதற்குக் கீழே இன்னொரு செய்தி இருந்தது. நேற்று மாலை வந்தது. 'விமர்சனம் நேர்மையானது. நன்றி. இந்த மாத முடிவில் ஆல்பத்தை எல்லா இடங்களிலிருந்தும் எடுத்துவிடுகிறேன்.'

நீங்கள் இருவரும் உறவா என்று தராசு கேட்டார். ஆமாம் என்றேன். எவ்வளவு நெருக்கம் என்று அவர் கேட்கவில்லை.

பத்திரிகைக்கு முன்பே என் போன வாரக் கடிதம் உன் கையில் கிடைத்திருக்கும். அலுவலகமே சிரித்தது என்று எழுதியிருந்தேன். உனக்குப் பிடிக்கும் என்றும். அந்த இரண்டு வரிகளையும் எப்படித் திரும்ப வாங்குவது என்று யோசிக்கிறேன். வழி இல்லை.

அது மோட்டார்தான். அம்மாவின் கட்டில் ஓரத்தில் இருந்த ஆக்ஸிஜன் இயந்திரம். சாம்பல் நிறம், கீழே நான்கு சக்கரம், ஒரு சக்கரம் திரும்பாது. நான் அதைப் பார்த்திருக்கிறேன். அதன் பக்கத்தில் இருந்திருக்கிறேன். ஆனாலும் காதுக்குத் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்றும் எனக்குத் தெரியும். அம்மா படுக்கையில் இருந்தது பதினான்கு மாதம். நான் வந்தது ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் பக்கத்து அறையில் உட்கார்ந்து அந்த மாதத்துப் பத்திகளை எழுதிக்கொண்டிருந்தேன். காதில் ஹெட்போன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் உள்ளே வருகிறது, ஒரு பாட்டையும் ஒழுங்காகக் கேட்க முடியவில்லை, அந்த மெஷினைக் கொஞ்சம் தள்ளி வைக்கக் கூடாதா என்று உன்னிடம் கேட்டேன். நீ கையில் துண்டோடு வாசலில் நின்றாய்.

"தள்ளி வெச்சா ட்யூப் எட்டாதுடா."

அவ்வளவுதான் சொன்னாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் ஹெட்போனின் ஒலியைக் கூட்டிக்கொண்டேன்.

ஆல்பத்தில் ஒன்பது பாட்டு. அது தற்செயல் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இன்று காலை முழுவதும் பேஸ் அண்ணனோடு உட்கார்ந்து கேட்டேன். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஆறாவது பாட்டைப் போட்டார். பிறகு அந்த மோட்டார் ஒலியை மட்டும் வடிகட்டி நீக்கிவிட்டு, அதே பாட்டை மறுபடி போட்டார். பாட்டு சரிந்தது. ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக, எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றது.

"இத்தன நாளா இதத்தான் இரைச்சல்னு சொல்லிட்டிருந்தோம். இது சுருதிப்பெட்டி தம்பி. மத்ததெல்லாம் இதுலதான் சேந்து நிக்குது."

சொல்லிக்கொண்டிருந்தோம் என்றார். அவர் சொல்லவில்லை. நான் மட்டும்தான் சொன்னேன். அவர் மனசு அப்படி.

வேகத்தையும் கணக்கிட்டேன். முதல் பாட்டில் நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டு அடி. அம்மாவின் விரலில் மாட்டிய கருவியில் வரும் நாடித் துடிப்பை நீ ஒரு நீல நோட்டில் தினமும் எழுதுவாய். நான் இருந்தபோது ஒருநாள் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு. மற்ற எட்டுப் பாட்டின் எண்களையும் எடுத்துவிட்டேன். அவற்றை இங்கே எழுதமாட்டேன். உனக்குத் தெரியும். எண்ணியது நீ.

அதைத்தான் பொம்மை என்று எழுதினேன்.

இனி, விமர்சகனாக ஒன்று சொல்லவேண்டும். நீ எண் கேட்டாய். அதனால் உண்மையையும் கேட்டாய் என்று எடுத்துக்கொள்கிறேன். நாலாவது பாட்டு நீளம். இரண்டு நிமிடத்தைக் கூசாமல் வெட்டலாம். இரண்டாவதில் கைதட்டல்போல வரும் ஒலி மலிவானது, எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். தெரிந்தபிறகு எல்லாமே அருமை என்று சொன்னால் நீயே நம்பமாட்டாய். நம்பவும் கூடாது.

ஆனால் அந்த மோட்டாரைப் பற்றி நான் எழுதியது பிழை. அது அம்மாவின் அறை என்று தெரிந்ததால் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒருவருடைய அறையாக இருந்தாலும் பிழைதான். பாட்டு எதன் மேல் நிற்கிறது என்று கேட்பதுதான் என் வேலை. ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு, சிரிக்கவைக்கும் ஒரு வாக்கியத்தைத் தேடிப் போய்விட்டேன். நாற்பதில் ஒன்று. வேலையைச் செய்யவில்லை.

திருத்தம் ஒன்று எழுதி தராசிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தார். அச்சிட மறுத்துவிட்டார். "இப்ப உனக்கு யாருன்னு தெரியும். தெரிஞ்சவன் எழுதினா அது விமர்சனம் இல்ல, கடிதம். கடிதத்த இங்க ஏன் கொண்டுவர்ற? அவங்களுக்கு அனுப்பு."

ஆகவே அனுப்புகிறேன்.

ஆல்பத்தை எடுத்துவிடாதே, அக்கா. என்னை மன்னிப்பதற்காக வேண்டாம். அது வேறு கணக்கு, அதை நீ எப்போது வேண்டுமானாலும் தீர்த்துக்கொள். ஒரு மாதம் விட்டு வை. வேறு யாராவது, நிதானமாகக் கேட்கத் தெரிந்த ஒருவர் கேட்பார். மாத முடிவுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் ஐந்து நாளில் வந்துவிடும்.

ஒன்று மட்டும் கேட்கலாமா? நீ எண் கேட்டது, யார் பாட்டென்று பார்க்காமல் நான் கேட்கவேண்டும் என்பதற்கா? இல்லை, பார்க்காமலே அது நீதான் என்று தெரிந்துகொள்வேனா என்று பார்ப்பதற்கா? பதில் எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்கிறேன்.

தம்பி

&nbsp;

முதல் தேதி

அக்கா,

இரண்டு முறை போன் செய்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. உன் அலுவலகத்துக்குச் செய்தேன். உன்னோடு வேலை செய்கிற அம்மாள், நீ நன்றாக இருப்பதாகவும் மதிய உணவுக்குப் போயிருப்பதாகவும் சொன்னார். யார் பேசுவதென்று கேட்டார். தம்பி என்றேன். உனக்குத் தம்பி இருப்பது தனக்குத் தெரியாதே என்றார். தப்பாகச் சொல்லவில்லை.

இன்று காலை வந்ததும் கம்ப்யூட்டரில் தேடினேன். நேற்று வரை ஒன்பது பாட்டு இருந்த பக்கத்தில் ஒன்றுமில்லை. பெயர்கூட இல்லை. சொன்னபடி செய்துவிட்டாய். நீ எப்போதும் சொன்னபடி செய்கிறவள்.

இங்கே உன்னிடம் சொல்லாத இன்னொரு விதி உண்டு. விமர்சனத்துக்காக வந்த பிரதிகளை நாங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது. பதினைந்தாம் தேதிக்குள் அழித்துவிட்டு, பதிவேட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரில் கையெழுத்துப் போடவேண்டும். முப்பத்தொன்பது கையெழுத்துப் போட்டுவிட்டேன். முப்பத்தொன்றுக்கு எதிரில் காலியாக இருக்கிறது. தராசு பதிவேட்டைப் புரட்டினார். அந்த இடத்தில் விரலை வைத்தார். பதினைந்து வரை தன் கண்ணுக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டு மூடினார்.

உன்னிடம் ஒரு பிரதி இருக்கும், அல்லது இருக்காது. நீ அதையும் அழித்திருக்கக்கூடியவள். அப்படியானால் அம்மாவின் அறை இப்போது இருப்பது என் மேசையில்தான்.

எனக்கு அதை வைத்துக்கொள்ள ஆசை. உரிமை இல்லை. அது எனக்கு அனுப்பப்பட்டதே இல்லை. ஒரு பத்திரிகைக்கு அனுப்பப்பட்டது. அதனால் உன்னைக் கேட்கிறேன். 'வெச்சுக்கோ' என்றால் வைத்துக்கொள்வேன். 'அழிச்சிடு' என்றால் அன்றைக்கே அழித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவேன். ஏன் என்று கேட்கமாட்டேன்.

நீ பதில் எழுதாமல் இருக்கலாம். அதையும் யோசித்துவிட்டேன்.

அந்தப் பதினான்கு மாதமும் நீ என்னை வரச் சொல்லவில்லை. ஒரு முறைகூட. அம்மா அப்படியே இருக்கிறாள் என்று எழுதுவாய். நான் அதைப் படித்துவிட்டு, வரவேண்டாம் என்று சொல்கிறாய் என எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது. கேட்காமலே எனக்குச் சாதகமான அர்த்தத்தை எழுதிக்கொண்டேன். உன் ஆல்பத்துக்குச் செய்ததும் அதேதான்.

இனி அப்படிப் படிக்கமாட்டேன். பதினைந்தாம் தேதிக்குள் உன்னிடமிருந்து ஒரு சொல்லும் வராவிட்டால், அதை 'வா' என்று படிப்பேன். பிரதியை எடுத்துக்கொண்டு பதினாறாம் தேதி அங்கே வந்து நிற்பேன். நீயே உன் கையால் அழித்துக்கொள்ளலாம். கதவைத் திறக்கவில்லை என்றால் படியில் உட்கார்ந்திருப்பேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒன்பது நாளுக்கு அல்ல.

வேளாவேளைக்குச் சாப்பிடு, அக்கா.

தம்பி