கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்

பம்பாய்
10-11-1988

அன்புள்ள சரசுவுக்கு,

அண்ணாமலையார் புண்ணியத்தில் நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே டெலிபோன் பேச்சை வெளிச்சமாக மாற்றி, தலைமுடி போன்ற கண்ணாடி இழையில் அனுப்பும் பெட்டிகளைப் பொருத்துகிறோம். அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் பெட்டியை அணைக்காமல் இழையின் முனையைப் பார்க்கவே கூடாது. போன வாரம் முனையில் தூசி இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கப் போனேன்.

"அண்ணே, பெட்டியை ஆஃப் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"பண்ணிட்டேன், நீ பாரு," என்றார் கீழ்பென்னாத்தூர் சுப்பிரமணி அண்ணன். அவர் அணைத்தது பக்கத்துப் பெட்டியை.

வலி எதுவும் இல்லை, பயப்படாதே. வலது கண்ணின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி நிற்கிறது, அவ்வளவுதான். எதைப் பார்க்கிறேனோ அதையே மறைக்கிறது. சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்கிறார் டாக்டர். அண்ணன் சாப்பிடாமல் என் எதிரில் உட்கார்ந்து அழுகிறார். அவர் வீட்டில் எதுவும் சொல்லிவிடாதே. இனிமேல் கடிதத்தைக் கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது.

இன்னொரு கண்தான் இருக்கிறதே, லைன் திறக்கும்வரை வேலை செய் என்கிறார் காண்ட்ராக்டர். கார்த்திகை தீபத்துக்கும் லீவு கிடையாதாம். வீட்டிலிருந்து தந்தி வந்தால்தான் விடுவார். உனக்கோ அம்மாவுக்கோ உடம்பு முடியவில்லை என்று பொய்யாகக் கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "உடனே வா" என்று மட்டும் கொடு, சரசு. இங்கே என்னால் முடியவில்லை.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உன்
வேணு