சிவப்பு எண் அழிந்த பதினாறு ஆமைகள்

அனுப்புநர்
ஸ்தோயங்கா கிரெமென்ஸ்கா,
மேல்தெரு, லெஸ்கோவ் தோல் கிராமம்,
கிழக்கு ரொடோப்பி மலை, பல்கேரியா.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
மாவட்ட இயற்கைப் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: கல்லூரி மாணவர்களுக்கான கோடைக்கால ஆமை ஆய்விலிருந்து நீக்கப்பட்ட காலினா என்ற மாணவியைத் திரும்பச் சேர்க்கக் கோருவதும், தவறு செய்தவர் யார் என்று தெரிவிப்பதும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். என் பேத்தி நெவெனா எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அவளும் வகுப்புத் தோழி காலினாவும் தங்களது அலுவலகம் நடத்தும் ஆய்வுக்காக ஜூன் முதல் என் வீட்டில் தங்கியிருந்தனர்.

2. என் பிளம் தோட்டச் சரிவில் திரியும் ஆமைகளைப் பிடித்து, ஓட்டில் சிவப்பு எண் எழுதி, நோட்டில் குறித்துக்கொண்டு விட்டுவிடுவது காலினாவின் வேலை; நெவெனாவுக்கு வேறு சரிவு. மூன்று வாரம் கழித்து மறுபடி பிடித்து, எண் உள்ளவை எத்தனை என்று பார்த்தால், மலையில் மொத்தம் எத்தனை ஆமை என்று சொல்லிவிடலாமாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆமையைப் பார்த்து ஏதோ எழுதுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

3. எங்கள் ஊரில் ஆட்டின் முதுகில் சிவப்புப் பூசினால் அது கசாப்புக்குப் போகும் ஆடு. வேறு அர்த்தம் கிடையாது. தக்காளிப் பாத்திக்கு வந்த ஆமையின் முதுகில் சிவப்பைக் கண்டேன். யாரோ வியாபாரி லாரியில் ஏற்றப் போகிறான் என்று நினைத்தேன். படித்த பிள்ளைகளிடம் கேட்டால் சிரிப்பார்கள் என்று கௌரவம் பார்த்துக் கேட்காமல் விட்டேன். வீட்டில் காய்ச்சிய பிளம் சாராயத்தில் துணியை நனைத்துத் துடைத்தேன். உச்சி வெயிலில் அவை எந்தப் புதரடியில் ஒதுங்கும் என்று எனக்குத் தெரியும். பத்து நாளில் சிவப்பு இருந்த பதினாறு ஆமைகளையும் துடைத்து முடித்தேன். சாராயத்துக்குத் தனியாக நடவடிக்கை எடுப்பதானால் எடுத்துக்கொள்ளவும்.

4. ஜூலையில் பிடித்தபோது ஒன்றிலும் எண் இல்லை. மேற்பார்வையாளர் வந்து, காலினா வெயிலுக்குப் பயந்து நிழலில் உட்கார்ந்தே நோட்டில் பொய்யாக எழுதியிருக்கிறாள் என்று முடிவு கட்டினார். அப்போது நான் அவருக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், அடுத்த ஆண்டு ஆய்வைத் தொடர ஒரு மாணவிக்குத்தான் இடம், இனி அது நெவெனாவுக்கு என்றார். வாயை மூடிக்கொண்டேன். அது மட்டுமா, மறுநாள் பாலாடைக்கட்டி வைத்துப் பனித்சா சுட்டு, பேத்தி பெருமை பேசித் தெரு முழுக்கக் கொடுத்தேன்.

5. பேருந்து நிறுத்தம் வரை காலினாவின் பெட்டியைத் தூக்கிச் சென்றவள் நான்தான். ஏறும்போது அவள், “பாட்டி, நான் பொய் எழுதல. நீங்களாவது நம்புறீங்களா?” என்று கேட்டாள். “பாத்துப் போம்மா, வண்டி கெளம்பிடும்” என்றேன்.

6. இம்மாதம் இருபதாம் தேதி கல்லூரியில் அவள்மீது விசாரணையாம். அதற்குள் அவள் நோட்டு உண்மையானது என்று தாங்கள் எழுதித் தர வேண்டும். சாராயம் மேற்பூச்சைத்தான் எடுத்தது. ஓட்டின் வரிப்பள்ளங்களில் சிவப்பு இன்னும் இருக்கிறது. ஆள் அனுப்பினால் ஒவ்வொரு புதராக நானே காட்டுகிறேன்.

இதனால் என் பேத்தியின் இடம் போகும் என்று தெரிந்தே எழுதுகிறேன். நேற்று அவளிடம் சொன்னேன். எழுந்து கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பிறகு, “தபால்ல போட்டா ஒரு வாரம் ஆகும். எழுதிக் குடு, நானே கொண்டு போறேன்” என்றாள். இம்மனுவைத் தங்கள் கையில் கொடுக்கும் பெண் அவள்தான்.

இடம்: லெஸ்கோவ் தோல்
நாள்: ஆகஸ்ட் 14

தவறு செய்தவள்,
ஸ்தோயங்கா கிரெமென்ஸ்கா
(கையொப்பம்)