ஒன்பதாவது படி

அன்பு மகள் எல்ஸ்பெத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், அம்மா நலம், மழை எங்களைவிட நலம், நிற்காமல் பெய்கிறது. அங்கே ஹாலிஃபாக்ஸில் நீ எப்படி, உன் இருமல் எப்படி?

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நம்மூர் பால்ஹார்டி கோட்டைக் கோபுரத்தைப் பற்றிய உன் புத்தகம் அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது, சுழல் படிக்கட்டின் ஒன்பதாவது படி மற்ற படிகளைவிட எவ்வளவு உயரம் என்று அளந்து அனுப்பச் சொல்லியிருந்தாய். அம்மா சத்தமாகப் படித்தாள். டூகல், மூஞ்சி ஏன் இப்படிப் போவுது என்றாள். கஞ்சியில உப்பு கூடிப்போச்சு என்றேன்.

அளக்க வேண்டியதில்லை மகளே, இரண்டு அங்குலம், வைத்தவனே நான்தான். அந்தக் கோபுரத்தில் கொத்துவேலை பழகிய பதினாறு வயதில், மூக்கை நிமிர்த்திக்கொண்டு ஏறுகிற பண்ணை மேலாளரை விழவைக்க, இடிந்த தொழுவத்துச் சிவப்புக் கல்லை எடுத்துவந்து பழைய படியின்மேல் சுண்ணாம்பு வைத்து ஒட்டினேன். விழுந்தார். எவன்டா பார்த்த வேலை இது என்று கத்தினார். நான் பால் குடிக்காத பூனையாக, இது அந்தக் காலத்து எதிரிப்படிங்க ஐயா, வாளோட ஓடிவர்றவன் தடுக்கி விழணும்னே வெச்சது என்றேன். நம்பிவிட்டார், விருந்தாளிகளிடமெல்லாம் சொன்னார், கடைசியில் அதுவே கோபுரத்தின் பெருமையாகிவிட்டது. ஆறு வயதில் நீ அதே படியில் விழுந்து தாடை கிழிந்தபோதாவது சொல்லியிருக்கலாம். நானூறு வருஷமா எதிரிங்களைக் கவுத்த படி உன்னையும் விடல பாத்தியா, நீ பெரிய வீராங்கனைடி என்றேன். நீ அழுகையை நிறுத்தினாய், அன்றிலிருந்து கோபுரமே கதி என்று ஆனாய், படிப்படியாகப் படித்து டாக்டர் பட்டமும் வாங்கினாய், நானும் வெட்கமில்லாமல் பெருமைப்பட்டேன். இப்போது அந்தக் கல்லும் கோபுரத்தோடு பிற்காலத்தில் சேர்த்த பக்கக் கட்டடத்தின் கல்லும் ஒன்றே, ஆகவே படிக்கட்டையும் அப்போதுதான் திருத்திக் கட்டினார்கள் என்று ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறாய். ஒன்றாக இல்லாமல் என்ன, அந்தப் பக்கக் கட்டடத்தில் மீந்த கல்லில்தானே தொழுவத்தைக் கட்டினார்கள்!

அந்த அத்தியாயத்தை நிறுத்திவிடு. யாராவது கேட்டால் என் பெயரைச் சொல், சிரிப்பவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், இரண்டு நாளாகக் கஞ்சியில் நிஜமாகவே உப்பைக் கொட்டுகிறாள். நேற்று உளியால் ஓரத்தைத் தட்டிப் பார்த்தேன், அடியில் பழைய படி அப்படியே கிடக்கிறது, சாம்பல் நிறம், நடுவில் கால்கள் தேய்த்த குழி. நீ தேடுகிற நானூறு வருடம் அதில் இருக்கிறது. மேற்கல்லை நான் எடுக்கவில்லை, அது உன் கையால் போகவேண்டியது. உளியைத் தீட்டி வைத்திருக்கிறேன்.

கழுத்துக்குக் கம்பளி சுற்றாமல் வெளியே போகாதே. கடவுள் உன்னைக் காக்கட்டும். நீ வருகிற அன்று ஒன்பதாவது படியில் காலைக் கொஞ்சம் தூக்கி வை.

இப்படிக்கு,
அந்தப் படிக்கட்டில் உனக்கு இருந்த ஒரே எதிரி,
அப்பா