உனக்குக் கயிறு கட்டிய அன்று

உன் புருஷன் பாண்டி. அவனுடைய அண்ணன் தவமணி. சாட்டையோடு பூசாரி கருப்பையா. உடுக்கு அடித்த வீரணன். உன்னைப் பெற்றவள், என் மாமியார் பேச்சியம்மாள். உன் அண்ணன், என் வீட்டுக்காரர். பிறகு நான். அன்று கோயிலில் நின்றவர்கள் இத்தனை பேர்தான். ஒரு முகமும் எனக்கு மறக்கவில்லை.

நேற்றும் அங்கே யாருக்கோ குடியை விடக் கயிறு கட்டினார்கள். சூடம் எரிகிற வாசம் காப்பித் தோட்டத்தைத் தாண்டி என் அடுப்படிக்கு வந்தது. அரிந்துகொண்டிருந்த பீன்ஸை அப்படியே போட்டுவிட்டுப் பின்கதவைச் சாத்தினேன். சாத்தியும் வந்தது. இனி உன்னிடம் பேசாமல் என்னால் இருக்க முடியாது.

உனக்குக் குடி எப்படி வந்தது என்று தாண்டிக்குடியில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எனக்குத் தெரியும். பாண்டி அடித்த வலி தெரியாமல் தூங்க, அவன் பாட்டிலில் மிச்சம் வைத்ததைக் குடித்தாய். அப்புறம் வலி இல்லாத நாளிலும் குடித்தாய். அவன் குடித்தால் ஆம்பளை. நீ குடித்தால் ஊருக்கே அசிங்கம். காப்பிப் பழம் பறிக்கும்போது ஒரு நாள் உன் கை நடுங்கிக் கூடை கவிழ்ந்தது. சிவப்புப் பழமெல்லாம் சரிவில் உருண்டு ஓட, நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய்.

"மதினி, நெஞ்சு கெடந்து அடிச்சுக்கிருது. ஒரு மடக்கு குடிச்சா நிக்கும். குடிக்காட்டி செத்துருவேன் போல இருக்கு. குடிச்சாலும் சாகத்தான் போறேன். நான் என்ன செய்ய?"

உன் அண்ணனின் ஜீப்பில்தான் கீழே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊரில் வயிற்றுவலி என்று சொல்லச் சொன்னார். டாக்டரம்மா நம் மூன்று பேரையும் எதிரில் உட்காரவைத்துச் சொன்னார்: "குடிய விடக் குடுக்குற இந்த மாத்திரைய நான் சொல்ற மாதிரி கொஞ்சங்கொஞ்சமாத்தான் குறைக்கணும். நீங்களா பட்டுனு நிறுத்துனா வலிப்பு வரும். உயிருக்கே ஆபத்து." உன் அண்ணன் தலையை ஆட்டி, "சரிங்கம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றார். அந்தச் சொல் இன்னும் என் காதுக்குள் கிடக்கிறது.

அங்கே இருந்த நர்ஸ் பெண்ணை உனக்கு ரொம்பப் பிடித்துப் போனது. "படபடப்பு வரும்க்கா. வரட்டும். அது ஏறும், ஏறுன மாதிரியே எறங்கிரும். எறங்குற வரைக்கும் உங்களுக்கு ஒரு சோலி வேணும், ஒரு ஆள் வேணும்" என்றாள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக விடு, சூடான கஞ்சியை ஆற்றுகிற மாதிரி என்று ஊதிக் காட்டினாள். பச்சைத் தண்ணீரில் கையை விடு, வயிற்றைக் காயப் போடாதே, காப்பியைக் குறை என்றாள்.

"காப்பியவா? நாங்க குடியிருக்கிறதே காப்பிக் காட்டுலதான்" என்று நீ சிரித்தாய். எத்தனை காலத்துக்குப் பிறகு பார்த்த சிரிப்பு!

நம் வீட்டில் யாருக்குக் கை நடுங்கினாலும் கடுங்காப்பிதானே மருந்து? தெளியட்டும் என்று உன் அம்மா சொம்பு சொம்பாகக் கொடுத்தார். நீ சொம்பைத் தள்ளிவைத்து, "ஆத்தா, உன் காப்பிதான் என் நெஞ்சுல உடுக்கு அடிக்குது" என்றாய். அன்று முதல் கேழ்வரகுக் கூழ் குடித்தாய். படபடப்பு வந்தால் ஓடையில் முழங்கை வரை கையை விட்டு உட்கார்ந்துகொள்வாய். கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வாய். "மிளகுக்கொடி. ஆரஞ்சு மரம். பாறை. பாண்டியோட துண்டு. நாசமாப் போற பாண்டியோட துண்டு." பக்கத்தில் துவைத்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. குடிக்கத் தோன்றினால் என் வாசலுக்கு வந்து, "மதினி, வருது" என்பாய். வேறு விளக்கம் கிடையாது. நான் பூண்டைக் கொட்டுவேன். அது இறங்கும்வரை இருவரும் உரிப்போம். நடுவில் ஒரு தடவை தவறிக் குடித்துவிட்டு, அதையும் நீயே போய் நர்ஸிடம் சொல்லி அழுதாய். "விழுந்த எடத்துல இருந்து எந்திரிச்சு நடங்க. மொதல்ல இருந்து எதுக்கு வரணும்?" என்றாள் அவள்.

எனக்குக் குடி இல்லை. கோபம் உண்டு. இப்போதும் சில நேரம் என் கண் தானாகச் செடி கழிக்கிற கவாத்துக் கத்தி பக்கம் போகும். தொட்டித் தண்ணீரில் கையை விட்டு, கஞ்சி ஆற்றுகிற மாதிரி மூச்சை விடுவேன். கை மரத்துப் போன பிறகுதான் வெளியே எடுப்பேன். நீ விட்டுப் போனதில் நான் வைத்திருப்பது இது ஒன்றுதான்.

நீ தெளிந்தது பாண்டிக்குப் பொறுக்கவில்லை. தெளிந்தவள் வாய் பேசுவாள் அல்லவா? "பொம்பள குடிச்சா தெய்வக் குத்தம். ஆத்தா முன்னாடி சத்தியம் பண்ணிக் கயிறு கட்டட்டும்" என்றான். கயிறு கட்டுவதென்றால் மூன்று நாள் விரதம், தீர்த்தம் தவிர வாயில் எதுவும் படக்கூடாது என்று பூசாரி சொன்னான். உன் மாத்திரையைப் பாண்டி அடுப்பில் போட்டு, உன்னை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினான். நான் கதவை உடைக்கப் போனேன். தவமணி என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளியதில் படிக்கட்டில் மல்லாந்து விழுந்தேன். திரும்பி வந்து உன் அண்ணனிடம், "வெரசாப் போயி டாக்டரம்மா சொன்னதச் சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பாக" என்று மன்றாடினேன். "கயிறு கட்டுற அன்னைக்குக் கோயில்ல வச்சுப் பேசிக்கலாம்" என்றார். மறுநாளும் அதையே சொன்னார்.

கயிறு கட்டுகிற அன்று உன்னைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தான் பாண்டி. உடம்பெல்லாம் வேர்வையில் நனைந்து, உதடு குவிந்து, நீ மூச்சை நீளமாக விட்டுக்கொண்டிருந்தாய். உன் கண் யாரையும் பார்க்கவில்லை, உன் அண்ணனை மட்டும்தான் பார்த்தது.

"அண்ணே, மாத்திரைய நிப்பாட்டக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாகல்ல? சொல்லுண்ணே!"

பாண்டி திரும்பினான். "என்ன மாத்திரை மச்சான்?"

உடுக்கு நின்றது. எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். தங்கச்சியைக் குடி வைத்தியத்துக்குக் கூட்டிப் போனவன் என்று இத்தனை பேர் முன்னால் ஆகிவிடக் கூடாதே!

"வயித்துவலி மாத்திரைதான் மாப்ளே" என்றார்.

உன் முகம் அப்போது இருண்ட மாதிரி எந்த அடியிலும் இருண்டதில்லை. சூடத்தின்மேல் உன் கையைப் பிடித்து நீட்டினார்கள். கை வெட்டி இழுத்தது. கண் மேலே செருகி, பல் கிட்டி, கட்டை மாதிரி சாய்ந்து, பலிபீடத்துக் கல்லில் தலை மோதியது.

"ஆத்தா வந்துட்டா!" என்று வீரணன் கத்தினான். உடுக்கு வேகமெடுத்தது. உன் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு குலவையிட்டார். வலிப்பில் துடிக்கிற உன்மேல், "போறியா மாட்டியா, குடிப்பேயே" என்று பூசாரி சாட்டையை வீசினான்.

"ஏலே, அது சாமி இல்லலே, வலிப்பு!" என்று நான் கத்தியது உடுக்கில் அமுங்கிப் போனது. குறுக்கே விழுந்தேன். சாட்டை என் முதுகைக் கிழித்தது. பிடிக்க வந்த தவமணியின் கையைச் சதை வரும்வரை கடித்தேன். பூசை மணியைத் தூக்கிப் பாண்டியின் நெற்றியில் அடித்தேன். ரத்தம் அவன் கண்ணை மறைத்தது. உடுக்கு ஓய்ந்தது. அதற்குப் பிறகுதான் உன் அண்ணன் ஜீப் சாவியை எடுத்தார்.

பெரும்பாறை வளைவு வரைக்கும் உன் மூச்சு என் மடியில் இருந்தது. அதற்குமேல் இல்லை.

பூசாரி போய்ச் சேர்ந்துவிட்டான். உன் அம்மா சாகிற வரை, "எனக்குத் தெரியாதே, தெரியாதே" என்று சுவரில் முட்டிக்கொண்டார். அது உண்மைதான். பாண்டி இப்போது வயிறு வீங்கி, கம்பு ஊன்றி நடக்கிறான். அவன் நெற்றித் தழும்பைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுகிறது. அவர்கள் எல்லோரும் கொன்றார்கள். ஆனால் சாமி வந்திருக்கிறது என்று நம்பிக் கொன்றார்கள். வலிப்பு என்று தெரிந்தவர்கள் அங்கே இரண்டே பேர். ஒருத்தி கத்தினாள்.

போன வாரம் உன் அண்ணன் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்கிறார்: "இன்னும் எம்புட்டுக் காலத்துக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத் திரிவே? நான் அவளத் தொட்டேனா? ஒரு அடி அடிச்சேனா?"

தொடவில்லை. அடிக்கவில்லை.

புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று உன் அம்மா எனக்குச் சொல்லித் தந்தார். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வேனே தவிர, இந்த வயது வரை அந்தப் பேர் என் வாயில் வந்ததில்லை. குறைந்தால் குறையட்டும். நான் மன்னிக்காதவன் ராஜாங்கம்.