வாசுகியை யாரும் கேட்கவில்லை

மரக்காணம்
ஞாயிறு மாலை

அன்பு மகள் நிவேதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் மாத்திரைகளின் தயவில் நலம். டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி வாசுகியும் நலமாயிருக்க வேண்டும். போன வெள்ளிக்கிழமை நம் உப்பளத்தில் முதல் உப்பு வாரினோம், நல்ல வெள்ளை.

நீ போனில் கேட்டதற்கு வருகிறேன். வகுப்பில் ஒரு பையன் இணையத்தில் தேடி, வாசுகி என்றால் பாம்புகளின் ராஜா என்று கண்டுபிடித்துவிட்டான், அன்றிலிருந்து பிள்ளைகள் அவளைப் பார்த்து உஸ் உஸ் என்கிறார்கள், அவள் அழுகிறாள், ஆகவே பெயரை ஐவி என்று மாற்றப் போகிறீர்கள், அதற்கு என்னிடமுள்ள அசல் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அருமையான முடிவு. ஏழு வயதுப் பையன்கள் கேலி செய்தார்கள் என்று பெயர் மாற்றுவதானால், முப்பத்திரண்டு வருஷம் வாத்தியாராக இருந்த நான் வருஷத்துக்கு நாலு பெயர் மாற்றியிருக்க வேண்டும். ஐவி என்றால் என்ன என்று பார்த்தேன். சுவரைப் பிடித்து ஏறும் கொடியாம், அதன் காய் விஷமாம். பாம்புக்குப் பயந்து விஷக்கொடியைப் பிடித்த மாப்பிள்ளையின் சாமர்த்தியத்தை அம்மாவிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. பிள்ளை அழுவுது, காயிதத்தை அனுப்பித் தொலைங்க என்றாள்.

பெயரின் பொருளைப் பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டும் என்றாயே, எழுதிக்கொள். வசு என்ற வடசொல்லிலிருந்து வந்தது, செல்வம் என்று பொருள் என்பார்கள் சிலர். குடியிருப்பது என்ற வேரிலிருந்து என்பார்கள் சிலர். உறுதியாகத் தெரியாது என்பதே நேர்மையான பதில், ஆனால் அதற்கு மார்க் கிடைக்காது. கதை உனக்கே தெரியும். பாற்கடலைக் கடைய மலை மத்து, வாசுகி கயிறு, தலைப்பக்கம் அசுரர், வால்பக்கம் தேவர். குஜராத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த ராட்சதப் பாம்பின் எலும்புகளுக்கும் விஞ்ஞானிகள் வாசுகி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உப்பில்தான் குஜராத்துக்காரன் நம்மை முந்தினான் என்றால் பாம்பிலும் முந்திவிட்டான். நம் தெருவிலேயே மூன்று வாசுகி இருக்கிறார்கள், பால் ஊற்றும் அம்மா உட்பட. ஒருத்தரும் யாரையும் கொத்தியதாகத் தகவல் இல்லை.

நான் வைத்த பெயர் என்பதால் அடம்பிடிக்கிறேன் என்று நினைப்பாய். ஆமாம், அதற்காகத்தான். முதல் உப்பை வீட்டின் கடைசிக் குழந்தை பெயர் சொல்லிக் குவிப்பது நம் வழக்கம். நம் உப்பளத்தில் வேலை பார்க்கும் ராஜாங்கம் உப்பு வாரும் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு, ஏன் வாத்தியாரே, இந்த வருஷம் எந்தப் பேரைச் சொல்றது, ஐவின்னு குவிச்சா உப்பு இங்கயே இருக்குமா, பிளேன் ஏறிடுமா என்று கேட்டான். வாசுகி என்றே சொல்லடா என்று கத்தினேன். இரண்டு நாள் பெருமையாகத்தான் இருந்தது.

இன்று மதியம், உங்களுக்குக் காலை, நீ குளிக்கப் போயிருந்தபோது வாசுகி வீடியோவில் கூப்பிட்டாள். என் கட்சிக்கு ஆள் சேர்க்கலாம் என்று கடல் கடைந்த கதையை எடுத்துவிட்டேன், வாசுகி இல்லாமல் அமுதமே இல்லை என்று முடித்தேன். அவள் யோசித்துவிட்டு, ரெண்டு பக்கமும் இழுத்தாங்களே தாத்தா, பாம்பை யாராவது கேட்டாங்களா, அதுக்கு வலிச்சிருக்குமே என்றாள். எத்தனையோ வகுப்புகளுக்குச் சொன்ன கதை. ஒரு பிள்ளையும் இதைக் கேட்டதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஒரு வாரமாக நானும் நீங்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிறோம், உனக்கு எது வேண்டும் என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. சான்றிதழை இத்துடன் வைத்திருக்கிறேன். விண்ணப்பம் போடுவதற்கு முன் அவளை உட்காரவைத்துக் கேள். மாப்பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டாம், என் பேச்சையும் எடுக்காதே. அவள் ஐவி என்றால் ஐவி. அடுத்த வருஷம் ராஜாங்கத்திடம் நானே அந்தப் பெயரைச் சொல்வேன், அவன் சிரித்தால் சிரிக்கட்டும்.

டிகிரி சான்றிதழை லேமினேட் செய்து பாழாக்கியது போல இதையும் செய்துவிடாதே. மூவரும் நூறாண்டு சுகமாக வாழுங்கள். பேத்திக்கு என் முத்தம், அவள் எந்தப் பெயரில் இருந்தாலும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சிவஞானம்